கட்டடக் கலைஞர் சிசோம்

சென்னைக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மாநிலக் கல்லூரியையும், சற்று வடக்கே பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்தையும் காண்பர். இவ்விரண்டையும் வகுத்தவர் ஒருவரே. ஆயினும் ஒன்று மற்றொன்றைப் போன்றதன்று. முன்னதிலிருந்து பின்னதற்கு அவர் வந்து சேர்ந்த வழியை அறிதல் சுவை பயப்பதாகும்.

இராபர்ட் பெல்லோஸ் சிசோம் என்னும் ஆங்கிலேயர் 1840ஆம் ஆண்டில் பிறந்தார். கட்டடக் கலையைக் கற்று, இளமையிலேயே கல்கத்தாவுக்கு வந்து பணியாற்றினார். 1864ஆம் ஆண்டில் சென்னை அரசினர் இவ்விரு கட்டடங்களுக்கும் வரைபடங்கள் வேண்டிப் போட்டி ஒன்றை நடத்தினர். சிசோமின் படமே பரிசு பெற்றது. அவர் சென்னைக்கு வந்து, அரசாங்கத்தின் கட்டடக் கலை ஆலோசகராக அமர்ந்தார்.

மாநிலக் கல்லூரிக் கட்டடம் 1870இல் திறக்கப்பட்டது. வங்கக் கடலோரத்தில் நின்றாலும், அதன் அமைப்பு இத்தாலி நாட்டு மாளிகையின் அமைப்பே. உச்சியில் இன்று காணும் மணிக்கூண்டு 1940இல் சேர்க்கப்பட்டது. அக்காலத்து ஆங்கிலக் கலைஞர் பலர் இவ்வாறே மேனாட்டு மாளிகைகளை இங்குக் கொணர்ந்து நட்டுவிட்டு மனநிறைவு எய்தினர். சிசோம் அவ்வாறு நின்றுவிடவில்லை.

அருகில் ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை இருந்தது. அதனோடு வருவாய் வாரியத்திற்கென ஒரு கட்டடத்தை இணைக்கும் பணி அவருக்கு வந்தது. பழைய விதானங்களுக்கும் வளைவுகளுக்கும் பொருந்துமாறு புதியது அமைதல் வேண்டும். எனவே, அவற்றை அவர் கூர்ந்து பயில நேர்ந்தது.

அதனினும் பெரிய பாடம் மதுரையில் காத்திருந்தது. திருமலை நாயக்கர் 1636இல் எழுப்பிய அரண்மனையில் ஒரு பகுதியே எஞ்சியிருந்தது; அதுவும் பாழ்பட்டுக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக விளங்கிய நேப்பியர் பெருமகனார் அதனைப் புதுப்பிக்க விரும்பினார். அப்பணியைச் சிசோம் ஏற்றார். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு நம் கொத்தர்கள் ஆக்கிய பெருந்தூண்களையும் வளைவுகளையும் அளந்தும் வரைந்தும் ஆராய்ந்தார். அம்மாளிகை இன்றும் நிற்கின்றதெனின், அதற்கு இவ்விருவர் காட்டிய அக்கறையும் ஒரு காரணமாகும்.

1874இல் தொடங்கி 1879இல் முடிந்த செனட் மண்டபத்தில் அப்பயிற்சியின் பயனைக் காணலாம். நான்கு மூலைகளிலும் விதானம் தாங்கிய கோபுரங்கள். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். நடுவே தூண்கள் மறைக்காத பெருங்கூடம். மேனாட்டு முறையும் கீழ்நாட்டு முறையும் அங்கே கலந்து நிற்கின்றன. திருவனந்தபுரத்தில் 1880இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்திலோ, சேர நாட்டுச் சரிந்த கூரைகளையே அவர் மேற்கொண்டார். பெருமழை பெய்யும் நாட்டிற்கு அக்கூரையே ஏற்றதன்றோ! காற்று இயல்பாக உலவுதற்கும் அங்கே வழி செய்தார்.

1877 முதல் சில ஆண்டுகள் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராகவும் இருந்தார். சென்னைப் பெரிய அஞ்சலகமும் விக்டோரியா பொது மண்டபமும் அவர் வகுத்தவையே. பரோடாவில் இலட்சுமி விலாச அரண்மனையைத் தொடங்கிய மேஜர் மான்ட் என்பார் 1881இல் இறந்தார். 1890இல் அதனை முடித்தவர் சிசோமே.

முதுமையில் தாய்நாடு திரும்பிய அவர், இலண்டனில் ஒரு கிறித்தவக் கோயிலை வகுத்தார். 1907இல் முடிந்த அதன் கோபுரத்திலும் கீழ்நாட்டுச் சாயல் தோன்றுகின்றது. எட்டாண்டுகளுக்குப் பின், 1915இல் அவர் மறைந்தார். அக்கோயில் இப்பொழுது இசையரங்கமாக விளங்குகின்றது.