சிதைவுகளைப் படித்தவர்

கம்போங் குவாந்தான் என்றால் எல்லாருக்கும் மின்மினிப் பூச்சிகள்தான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தகரம் பறக்கும் சத்தம். நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, ஒரு மாலை மழைக்கு முன்பே காற்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கூரைத் தகரங்கள் மூன்று எங்கள் வாசலில் வந்து விழுந்தன. பாட்டி எங்களைச் சாமி அறைக்குள் போகச் சொன்னார். அப்பா காருக்குள் போய்விடலாம் என்றார். அம்மாவோ, காற்று வெளியேற வழி வேண்டும் என்று சன்னல்களைத் திறக்கப் போனார். யார் சொல்வது சரி என்று தெரியாமல் நான் கூடத்திலேயே நின்றேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. எங்கே போயிருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பல்கலைக்கழகம் வந்தபின் அதற்குப் பதில் தேடும்போதுதான் தெட்சுயா ஃபுஜித்தாவைப் பற்றிப் படித்தேன்.

ஜப்பானின் கியூஷு தீவில் 1920 அக்டோபர் 23ஆம் நாள் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஹிரோஷிமாவில் போய்ப் படிக்க ஆசைப்பட்டார். தந்தை சம்மதிக்காமல் உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரியிலேயே சேரச் சொன்னார். இயந்திரப் பொறியியல் படித்து அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் அமெரிக்க விமானம் இரண்டாவது அணுகுண்டைப் போட வந்த முதல் இலக்கு, அவர் வாழ்ந்த பகுதியிலிருந்த கொக்குரா நகரம். கீழே எதுவும் தெரியாதபடி மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாக்கிக்குத் திரும்பியது. தந்தையின் பிடிவாதம் ஒரு முறை, மேகம் ஒரு முறை என்று இருமுறை பிழைத்த மனிதர், பிற்காலத்தில் மேகங்களை ஆராய்ந்தே பெயர் எடுத்தார்.

குண்டு விழுந்த சில வாரங்களில் நாகசாக்கிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சென்று சேதங்களை ஆராய்ந்தார். கல்லறைகளில் பூ வைக்கும் மூங்கில் குழாய்களில் இருந்த தீக்காயத்தை அளந்து, குண்டு எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட்டார். இன்னொன்றையும் கவனித்தார். குண்டுக்கு நேர் கீழே இருந்த மரங்கள் கருகியிருந்தாலும் நின்றுகொண்டிருந்தன. சுற்றியிருந்த மரங்களோ நட்சத்திரக் கதிர்கள் போல வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தன. அந்தக் காட்சி அவர் மனத்தில் முப்பது ஆண்டுகள் தூங்கிக்கொண்டிருந்தது.

1947இல் செஃபுரி மலையில், இடிமேகத்துக்குள் காற்று மேலே ஏறுவது மட்டுமல்ல, கீழேயும் இறங்குகிறது என்பதைத் தன் அளவீடுகளில் கண்டார். அந்த மலையில் இருந்த அமெரிக்க ராடார் நிலையத்தின் குப்பையில் கிடைத்த ஓர் ஆய்வறிக்கை, சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹொரேஸ் பையர்ஸ் என்பவருடையது. அவரும் அதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃபுஜித்தா ஒரு தட்டச்சுப் பொறி வாங்கி, தம் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். 1953இல் சிகாகோவுக்கு அழைப்பு வந்தது.

அமெரிக்காவில் அவர் கையில் எடுத்தது டொர்னாடோ. அது மேகத்திலிருந்து தரைவரை தொங்கிச் சுழன்று, வழியில் உள்ளதை வாரிக்கொண்டு போகும் காற்று. 1957இல் ஃபார்கோ நகரைத் தாக்கிய டொர்னாடோவை ஆராய, ஊர்மக்கள் எடுத்த படங்களைச் சேகரித்து, அது பிறந்து வளர்ந்து ஒடுங்கியதை நிமிடம் நிமிடமாக அடுக்கிக் காட்டினார். 1971இல் சேதத்தைப் பார்த்து வேகத்தை ஊகிக்கும் அளவுகோலை அமைத்தார். சுழியம் முதல் ஐந்து வரை உள்ள அந்த அளவுகோலுக்கு அவர் பெயரே நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு செய்தவர் டொர்னாடோ ஒன்றைத் தம் கண்ணால் முதலில் பார்த்தது 1982இல்தான்!

என் கேள்விக்குப் பதில் இருந்த இடம் டெக்சஸ் மாநிலத்தின் லபக் நகரம். 1970 மே 11ஆம் நாள் அங்கே 26 பேர் இறந்தனர். ஃபுஜித்தா அந்தச் சேதத்தையும் ஆராய்ந்தார். உள்ளூர்ப் பல்கலைக்கழகமான டெக்சஸ் டெக்கின் பொறியாளர்களும் ஆராய்ந்தனர். அவர்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆணி சரியாக அடிக்காத வீடு குறைந்த காற்றிலேயே உடைந்துவிடும், ஆகவே அவர் சொல்லும் வேகங்கள் மிகை என்றனர் அவர்கள். பின்னால் 2007இல் அளவுகோல் திருத்தப்பட்டபோது அவர்கள் வாதமே நின்றது. இதனால் ஃபுஜித்தாவின் மதிப்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பொறியாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். டொர்னாடோ போன வழியில், வீடு முழுவதும் போன இடத்திலும் நடுவில் இருந்த குளியலறையோ சாமான் அறையோ நின்றது. சிறிய அறை, சுவர்கள் நெருக்கமாக ஒன்றையொன்று தாங்குகின்றன, வெளிச்சுவரும் சன்னலும் இல்லை. அப்படிப்பட்ட அறையை வேண்டுமென்றே வலுவாகக் கட்டினால் என்ன என்று யோசித்து, 1970களிலேயே வரைபடம் தந்தார்கள். சுவரையும் கூரையையும் அடித்தளத்தோடு இரும்பால் பிணைக்க வேண்டும். ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து, சுவரும் கதவும் தாங்குகின்றனவா என்று சோதிக்கிறார்கள். ஊருக்குப் பொதுவாகக் கட்டுவதென்றாலும் இதே விதிதான். அகன்ற கூரை கொண்ட சாதாரண மண்டபம் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஆனால் காற்றுக்கு அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

ஆக, பாட்டி சொன்னதே சரி. காரைக் காற்று புரட்டிவிடும். சன்னலைத் திறந்தால் உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும்.

நமக்கு டொர்னாடோ அரிது. ஆனால் ஃபுஜித்தாவின் கடைசிப் பெரிய கண்டுபிடிப்பு நம் கூரைகளைப் பற்றியது. 1974 ஏப்ரலில் ஏறத்தாழ 150 டொர்னாடோக்கள் ஒரே நாளில் வீசியபின், விமானத்திலிருந்து சேதங்களைப் பார்வையிட்டபோது, ஓரிடத்தில் மரங்கள் சுழன்று விழாமல் நட்சத்திரம்போல் விழுந்திருந்தன. நாகசாக்கி நினைவுக்கு வந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் ஒரு விமானம் தரையிறங்கும்போது விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழையால் குளிர்ந்து கனத்த காற்று இடிமேகத்திலிருந்து செங்குத்தாக விழுந்து, குழாய்த் தண்ணீர் தொட்டியில் பட்டுச் சிதறுவதுபோல் தரையில் பரவுகிறது என்றார். பலர் நம்பவில்லை. 1978இல் ராடாரில் அதைப் பிடித்துக் காட்டினார். இன்று பல விமான நிலையங்களில் இதற்கென்றே ராடார் இருக்கிறது. எங்கள் வீட்டில் மழைக்கு முன் சில்லென்று வந்த காற்றும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

1998இல் அமெரிக்க அரசு, வீட்டுக்குள் காப்பறை கட்டும் வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஃபுஜித்தா காலமானார்.

போன விடுமுறையில் எங்கள் சாமி அறையை அளந்தேன். மூன்று பக்கம் செங்கல், ஒரு பக்கம் ஒட்டுப்பலகை. கூரைச் சட்டங்கள் வெறும் ஆணியில் நின்றன. அப்பா வன்பொருள் கடையில் இரும்புப் பட்டைகள் வாங்கிவந்து அவற்றைச் சுவரோடு பிணைத்தார். இதனால் அது டெக்சஸ் காப்பறை ஆகிவிடாது. வீட்டில் இருப்பவற்றில் நல்ல இடம், அவ்வளவுதான். கண்ணாடி போட்ட சாமி படங்களை வேறு சுவருக்கு மாற்றப் பாட்டி இன்னும் சம்மதிக்கவில்லை. காற்று வந்தால் விளக்கை அணைக்க மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.