பட்டாணியை எண்ணிய துறவி

உயிரியலுக்கும் கணக்கிற்கும் என்ன உறவு என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. அவ்வுறவை உலகுக்குக் காட்டியவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி.

இன்றைய செக் நாட்டிலுள்ள ஹைன்சன்டார்ஃப் என்ற சிற்றூரில், 1822-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் யோகான். படிப்புக்குப் பணமின்றி அவர் தவித்தபோது, தங்கை தெரேசியா தன் திருமணச் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தாள். 1843-இல் புரூன் நகரின் அகுஸ்தினார் மடத்தில் சேர்ந்து, கிரிகோர் என்ற பெயர் பெற்றார்.

1850-இல் ஆசிரியர் தேர்வு எழுதித் தோல்வியுற்றார். ஆயினும் மடம் அவரைக் கைவிடவில்லை. 1851-இல் வியன்னா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. ஏறத்தாழ முப்பது வயதில் மீண்டும் மாணவரானார். டாப்ளரிடம் இயற்பியலும் உங்கரிடம் தாவரவியலும் பயின்றார். கணித முறைகளையும் கற்றார்.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதை வகையையும் சுருங்கிய விதை வகையையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையிலோ சுருங்கிய விதைகள் மீண்டும் தோன்றின! மெண்டல் வியந்ததோடு நில்லாமல் எண்ணினார். மொத்தம் 7,324 விதைகள். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சரியாக மூன்றுக்கு ஒன்று என்றால் உருண்டை விதைகள் 5,493 இருக்க வேண்டும், 19 குறைகிறது. இக்குறைவு தற்செயலா, விதியே தவறா?

1865-இல் தம் முடிவுகளைப் புரூன் அறிவியல் கழகத்தில் வாசித்தார். மறு ஆண்டு அவை அச்சாயின. பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1868-இல் மடத் தலைவரானார். தெரேசியாவின் மக்களைப் படிக்க வைத்து, தங்கைக்குப் பட்ட கடனைத் தீர்த்தார். 1884 ஜனவரி 6-ஆம் நாள் காலமானார்.

1900-இல் அவருடைய விதிகளை அறிஞர்கள் மீண்டும் கண்டறிந்தனர். அதே ஆண்டில் கார்ல் பியர்சன் தற்செயலை அளந்தறியும் 'கை வர்க்கச் சோதனை'யை வெளியிட்டார். இன்று கணினியில் புள்ளியியல் நிரல் எழுதப் பழகும் உயிரியல் மாணவி, மெண்டலின் எண்களைக் கொடுத்தால் நொடியில் விடை வரும்: அந்த 19 தற்செயலாகவே நேரக்கூடியது, விதிக்குப் பழுதில்லை.

தோழியரே, கணக்கிடக் கணினி உண்டு. ஆனால் எதை எண்ணுவது, என்ன கேட்பது என்பதை நாமே கற்க வேண்டும். தேர்வில் தோற்றவரும் கற்கலாம் என்பதற்கு மெண்டலே சான்று. அவருக்குத் துணைநின்ற தங்கையையும் மறவாதிருப்போம்!