தோட்டத்து டாக்டர் தந்த நோட்டுப் புத்தகம்

யோகா பயில்வோர் பலரும் சுவாமி சிவானந்தரின் பெயரைக் கேட்டிருப்பார்கள். ரிஷிகேஷ் ஆசிரமமும் காவி உடையும் உடனே நினைவுக்கு வரும். ஆனால், துறவியாகும் முன் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் நம் நாட்டில் நோயாளிகளைக் கவனித்தவர் என்பது இன்றைய இளையோரில் பலருக்குத் தெரியாது.

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8-ஆம் தேதி பிறந்தவர் அவர். இயற்பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909-இல் 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழைத் தொடங்கி, சில ஆண்டுகள் நடத்தினார். 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார்.

சிரம்பான் அருகே ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்தது. பின்னர் ஜொகூருக்கு மாறினார். அந்தக் காலத் தோட்ட வாழ்க்கையைக் கெடா மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வாழ்க்கையையும் மலேரியா காய்ச்சலையும் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏழை நோயாளிகளிடம் குப்புசாமி காசு வாங்குவதில்லை. சத்தான உணவு வாங்கிச் சாப்பிடத் தம் பையிலிருந்து பணமும் கொடுத்து அனுப்புவார்.

நல்ல சம்பளம், நல்ல பெயர் எல்லாம் இருந்தன. ஆனால், மருந்து காய்ச்சலைத் தணிக்கும். மனத்தின் துன்பத்தை என்ன செய்வது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1923-இல் வேலையை விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். ஊர் ஊராக அலைந்து ரிஷிகேஷ் சேர்ந்தவர், 1924 ஜூன் 1-ஆம் தேதி சுவாமி விஸ்வானந்தரிடம் தீட்சை பெற்றார்.

துறவு பூண்டும் மருத்துவத்தை அவர் கைவிடவில்லை. காப்புறுதிப் பணம் கைக்கு வந்ததும், 1927-இல் லட்சுமண்ஜூலாவில் ஓர் இலவச மருந்தகம் திறந்தார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார்.

யோகம் என்றதும் உடலை வளைப்பதே பலருக்குத் தோன்றும். சிவானந்தரோ ஆசனம், மூச்சுப் பயிற்சியோடு மந்திர ஜபத்தையும் சேர்த்தே கற்பித்தார். வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது, மனத்துக்குள் சொல்வது என ஜபம் மூன்று வகை. மனம் அலைபாயும் சாதாரண மக்களுக்கு இவற்றோடு இன்னொன்றையும் வலியுறுத்தினார். அதுதான் லிகித ஜபம், அதாவது மந்திரத்தை எழுதுவது.

முறை எளிது. நமசிவாய, சரவணபவ, நாராயண என்று மனத்துக்கு நெருக்கமான ஒரு மந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடிக்கடி மாற்றக்கூடாது. தினமும் அரை மணி நேரம் பேசாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து, கண்ணை நோட்டுப் புத்தகத்திலேயே வைத்து எழுத வேண்டும். கை எழுதும்போது மனமும் அதையே சொல்ல வேண்டும். கை, கண், மனம் மூன்றும் ஒரே வேலையில் இறங்குவதால் சிந்தனை வெளியே ஓட இடமில்லை. எந்த மொழியிலும் எழுதலாம். எழுதி முடித்த நோட்டுகளைப் பத்திரப்படுத்தச் சொன்னார்.

மந்திர எழுத்துகளையே அடுக்கித் தெய்வ உருவமாகவோ தாமரையாகவோ வரையும் பழக்கமும் நம் மக்களிடம் உண்டு. வரையும் கை பொறுமை பழக, தியானமும் கூடவே வந்துவிடுகிறது.

ரிஷிகேஷ் ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 3-ஆம் தேதி இடைவிடாத நாம ஜபத்தைத் தொடக்கி வைத்தார். 1963 ஜூலை 14-ஆம் தேதி சமாதியடைந்தார். நம் நாட்டில் பத்துமலையில் அவருடைய சங்கத்தின் ஆசிரமம் இருக்கிறது.

கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கும், லூனாஸில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இந்தப் பயிற்சி எட்டாததல்ல. கட்டணம் கிடையாது, தனி இடமும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, அரை மணி நேரம் போதும். கையில் காசில்லாத நோயாளிகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு அல்லவா அது!