பிரித்துப் பார்த்த மேதை ஜி.டி. நாயுடு



கார் என்றால் என்ஜின், என்ஜின் என்றால் பெட்ரோல் அல்லது டீசல் என்று நூறு வருடமாக உலகம் பழகிப் போய்விட்டது. இன்றைக்கு அந்தப் பழக்கம் மெல்ல மாறி வருகிறது. பாட்டரியில் ஓடும் காரும், டிரைவர் இல்லாமல் தானே ஓடும் காரும் மோட்டார் வாகனத் தொழிலையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருப்பதை நாம் அனைவரும் அறிவோம். இந்த நேரத்தில் ஆட்டோமொபைல் படிக்கிறவனும் மெக்கானிக்கல் படிக்கிறவனும் யாரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். என் மனதில் வந்து நின்றவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. அவருடைய வாழ்க்கையை எனக்குத் தெரிந்த அளவில் இந்த மலரில் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன். எங்கள் பக்கம் பாதி சொந்தக்காரர்கள் பழவேற்காடு ஏரியில் பாடு வைத்து மீன் பிடிக்கிறவர்கள். மீதிப் பேர் எண்ணூர், காட்டுப்பள்ளி என்று கம்பெனி வேலைக்கும் லாரி ஓட்டவும் போகிறவர்கள். ஆகவே எங்கள் ஊரில் என்ஜின் என்பது பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. சோறு போடுகிற சமாச்சாரம். படகு என்ஜின் நின்றால் அடுப்பு எரியாது. அதனால்தான் என்ஜினைப் பிரித்தே தலையெடுத்த ஒரு மனிதரின் கதை என்னை இவ்வளவு இழுத்தது.

மூன்று நூறு ரூபாய் பாடப்புத்தகம்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வாத்தியார்களோடு சண்டை, மண்ணை அள்ளி வீசுதல் என்று குறும்புக்குக் குறைவில்லை. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்று, தோட்ட வேலைக்குப் போனார்.

அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மாடு இல்லை, குதிரை இல்லை, தானே ஓடுகிற வண்டி! கிராமத்துப் பையன் அசந்து போனான். அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்ற வெறி பிடித்தது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து முந்நூறு ரூபாய்க்கு அந்த ரட்ஜ் வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ஜம்பமாக ஊர் சுற்றவில்லை. நட்டு, போல்ட்டு, கார்ப்பரேட்டர் என்று ஒன்றுவிடாமல் பிரித்துப் போட்டார். பிறகு மறுபடி மாட்டினார். எந்தப் பாகம் எதற்கு என்று கை அறிந்துகொண்டது. முந்நூறு ரூபாய்க்கு அவர் வாங்கியது வண்டியை அல்ல, பாடப்புத்தகத்தை என்றால் அது மிகையாகாது. அன்றைக்குப் பிரிக்க ஆரம்பித்த கை கடைசி வரைக்கும் நிற்கவில்லை.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

மெக்கானிக்காக இருந்தவர் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிக் கொஞ்சம் பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய் அங்கிருந்த பெரிய வியாபாரிகளோடு மோதியதில் பணமெல்லாம் கரைந்தது. வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். அந்த உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

அந்த ஒரு பஸ்தான் யுனைடெட் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்று வளர்ந்தது. 1930-களில் சுமார் 280 பஸ்கள் ஓடின என்கிறார்கள். நேரம் தவறாமல் கிளம்புகிற பஸ் என்று பெயர் வாங்கியது. அதற்குக் காரணம் அதிர்ஷ்டமில்லை. ரிப்பேருக்கு வெளியே அனுப்பாமல் சொந்த ஒர்க்‌ஷாப்பிலேயே பார்த்துக்கொண்டார். வண்டி கெட்டபின் சரி செய்வது ஒரு வித்தை. கெடுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது பெரிய வித்தை. என்ஜின் அதிர்வைச் சோதிக்க அவரே ஒரு கருவி செய்தார். நாம் மெயின்டனன்ஸ் பேப்பரில் மார்க்குக்காகப் படிப்பதை அவர் பிழைப்புக்காகச் செய்தார்.

கோவையில் பிறந்த மோட்டார்

1930-களில் நாயுடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். கையில் கேமரா, கண்ணில் ஆர்வம். அந்தக் காலத்திலேயே அவர் ஒரு மின்சார ஷேவிங் ரேசர் செய்தார். அதற்கு ரசாந்த் என்று பெயர். உள்ளே குட்டியாக ஒரு மோட்டார். அதை ஓட்ட டார்ச் லைட்டுக்குப் போடுவது போல டிரை செல். சற்றே நிதானித்துப் பாருங்கள் நண்பர்களே! பாட்டரி, மோட்டார், சுவிட்ச். இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டரும் அடிப்படையில் அதுதானே?

1937-ல் கோவை பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்கூடத்தில் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் உருவானது. அதை வடிவமைத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு, பின்னாளில் டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவியவர். மோட்டார் என்றால் சீமையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும் என்றிருந்த காலம் அது. கிணற்றுப் பம்புக்கும் பஞ்சாலைக்கும் மோட்டார் செய்கிற ஊர் என்று கோவை பின்னாளில் பெயர் எடுத்ததற்குப் போட்ட முதல் விதைகளில் அதுவும் ஒன்று.

நாயுடுவின் கை படாத துறையே இல்லை எனலாம். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம், மெல்லிய ஷேவிங் பிளேடு, மலிவு விலை ரேடியோ என்று பட்டியல் நீளும். பருத்தி, பப்பாளி என்று விவசாயத்திலும் ஆராய்ச்சி செய்தார்.

ஓடாத கார்

நம் தலைப்புக்கு நெருக்கமான இடம் இதுதான். 1952-ல் நாயுடு இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்! நடுத்தரக் குடும்பம் கனவு காணக்கூடிய கார். ஆனால் தயாரிப்புக்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்பதை டில்லி முடிவு செய்த காலம் அது. கார் மாதிரியோடு நின்றுவிட்டது.

அறிவு இருந்தது, கை இருந்தது, ஒர்க்‌ஷாப் இருந்தது. அனுமதி இல்லை. இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஏன்னா, இப்படிப்பட்ட சின்ன காரை இந்தியாவில் மறுபடி யோசிக்கப் பல வருடங்கள் ஆயின. பெங்களூரில் ரேவா என்ற குட்டி மின்சார கார் விற்பனைக்கு வந்தது 2001-ல்தான்.

வாத்தியார் நாயுடு

பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் கல்லூரி கட்டினார் என்பதுதான் வேடிக்கை. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றக் காரணமாக இருந்தார். ஆர்தர் ஹோப் என்பவர் அன்றைய சென்னை மாகாண கவர்னர். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

படிப்பை இத்தனை வருடம் இழுக்கத் தேவையில்லை, இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் பாதிக் காலம் போதும் என்பது அவர் கட்சி. அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். ஆனாலும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்தி எத்தனையோ இளைஞர்களைத் தொழிலாளியாக்கினார். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான் சூட்டப்பட்டது.

இன்று நாயுடு இருந்தால்?

மின்சார வண்டி நமக்குப் புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைத் தெருக்களில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. எங்கள் ஊர் லோக்கல் ரயிலே மின்சார வண்டிதான். மாறியிருப்பது பாட்டரி. கம்பி இல்லாமல் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு போகிற வசதி வந்துவிட்டது. சென்னையில் 2025 ஜூன் மாதம் 120 மின்சாரப் பஸ்கள் வியாசர்பாடி டெப்போவிலிருந்து புறப்பட்டன. கிருஷ்ணகிரி பக்கம் ஸ்கூட்டரும், தூத்துக்குடியில் காரும் பாட்டரியோடு தயாராகின்றன.

ஓட்டுநர் இல்லாத வண்டியும் தூரத்தில் இல்லை. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020 முதல் டிரைவர் இல்லாத டாக்சியில் பொதுமக்கள் போய் வருகிறார்கள். கேமரா, ராடார், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லிடார் ஆகியவை கண்ணாக இருக்க, கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறது. நம் பக்கத்திலேயே, பழவேற்காடு ஏரிக்கு மேற்கே தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில், சென்னை மெட்ரோவுக்காக ஓட்டுநர் இல்லாமல் ஓடக்கூடிய ரயில்கள் தயாராகின்றன. முதல் ரயில் 2024-ல் ஒப்படைக்கப்பட்டது.

இதைச் சொன்னதும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிற எங்கள் மாமா, அப்போ எங்க பொழப்பு என்னடா ஆகும் என்று கேட்டார். சும்மா கேட்ட கேள்வி இல்லை அது. இரண்டு பிள்ளைகளின் படிப்பு அந்த ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது. மாடும் ஆட்டோவும் ஒன்றாய்ப் போகிற நம் ரோட்டில் டிரைவரை எடுத்துவிடுவது லேசு இல்லை, உடனே பயப்படாதீங்க மாமா என்றேன். ஆனால் கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. என்ஜினில் பிஸ்டன், வால்வு, கிளட்ச், சைலன்சர், ஸ்பார்க் பிளக் என்று எத்தனை பாகம்! மின்சார காரில் இவை எதுவும் கிடையாது. அந்தப் பாகங்களைச் செய்கிற அம்பத்தூர், திருமுடிவாக்கம் சின்னப் பட்டறைகள் என்ன செய்யும்? அங்கே வேலைக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிற நாம் என்ன செய்வோம்?

நாயுடு இருந்திருந்தால் கூட்டம் போட்டுப் புலம்பியிருக்க மாட்டார். முதல் வேலையாக ஒரு மின்சார வண்டியை வாங்கிப் பிரித்திருப்பார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ரட்ஜ் வண்டியை ஸ்பேனரோடு உட்கார்ந்து பிரித்தது போல கார் பாட்டரியைப் பிரிக்க முடியாது. அதில் பெரும்பாலும் 300, 400 வோல்ட் இருக்கும். தொட்டால் உயிர் போகும். ரப்பர் கையுறை போட்டு, மின்தொடர்பைத் துண்டிக்கும் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்த ஒழுங்கைத் தெருவோர மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நாமாக இருக்கக் கூடாது?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம் ஆட்டோ லேபில் வெட்டி வைத்த பெட்ரோல் என்ஜின் பக்கத்தில் ஒரு பழைய மின்சார ஸ்கூட்டரும் வர வேண்டும். வசூல் செய்தாவது வாங்குவோம். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று பிரிந்து நிற்காமல் மூன்று துறையும் சேர்ந்து பிரிப்போம், சேர்ந்தே மாட்டுவோம். மாமா போன்ற டிரைவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சார்ஜிங், பாட்டரி பராமரிப்பு சொல்லித் தருவோம்.

நாயுடுவுக்குப் பட்டம் இல்லை, நமக்கு டிப்ளமோ கிடைக்கப் போகிறது. அவருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது, நமக்கு அந்தத் தடை இல்லை. அவரிடம் இருந்த ஆர்வம் மட்டும் நம்மிடம் இருந்துவிட்டால், வண்டி எதில் ஓடினாலும் நம் கைக்கு வேலை இருக்கும். வாழ்க ஜி.டி. நாயுடு புகழ்! வளர்க நம் தொழிற்கல்வி!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை,
அனுப்பம்பட்டு.