ஒளிச் சிகிச்சைக்கு வித்திட்ட அறிஞர் இப்னுல் பைத்தார்

சொரியாசிஸ் நோய்க்கு ஒளிச் சிகிச்சை என்றதும் புற்றுநோய் வந்துவிடுமோ என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அதே நேரத்தில், கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பதற்குத் தயங்குவதில்லை. தேவதானத்திலும் ராஜபாளையத்திலும் உள்ள நம் குடும்பங்கள் இவ்விஷயத்தில் அறிய வேண்டிய ஒருவர் இப்னுல் பைத்தார்.

ஸ்பெயினின் மலாகாவில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தார். செவில்லில் அபுல் அப்பாஸ் அந்நபாத்தியிடம் மூலிகைக் கல்வி கற்றார். பின்னர் வட ஆப்பிரிக்கா வழியாகப் பயணித்து, செடிகளை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். எகிப்தில் சுல்தான் அல்காமில் அவரைத் தலைமை மூலிகை வல்லுநராக நியமித்தார். சுமார் 1,400 மருந்துப் பொருட்களை அகர வரிசையில் தொகுத்து எழுதினார். 1248-இல் டமாஸ்கஸில் காலமானார்.

அவர் பதிவு செய்தவற்றுள் ஒன்று, பெர்பர் மக்கள் பயன்படுத்திய ஆத்ரிலால் விதை. அதை உட்கொண்டு, வெண்புள்ளி உள்ள இடத்தில் வெயில் படச் செய்வார்கள்.

1940-களில் கெய்ரோ மருத்துவர்கள் இந்தச் செடியிலிருந்து சோராலென் மருந்தைப் பிரித்தெடுத்து வெண்புள்ளிக்குக் கொடுத்தனர். 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் சோராலெனையும் புற ஊதா 'ஏ' கதிரையும் சேர்த்து சொரியாசிஸ் திட்டுகளை மறையச் செய்து காட்டினர். இதுவே 'பூவா' சிகிச்சை.

ஆனால் அங்கு பல்லாண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, மிக அதிக தடவை பூவா எடுத்தவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் கூடுவது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளை நிறத்தவர். கருநிறத் தோலுக்கு ஆபத்து குறைவு. இன்று பரவலாகத் தரப்படும் குறுகிய அலைவரிசை புற ஊதா 'பி' சிகிச்சைக்கு (311 நானோமீட்டர்) சோராலென் தேவையில்லை. இதுவரை நடந்த ஆய்வுகளில் அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெளிவான சான்று இல்லை.

கார்போகரிசியிலும் சோராலென் உண்டு. அளவில்லாமல் பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளிக்கும். மருத்துவமனையிலோ கதிரின் அளவு கணக்கிடப்படுகிறது; கண்ணுக்குக் கண்ணாடி தரப்படுகிறது.

கண்டதைக் குறித்து வைத்ததே இப்னுல் பைத்தாரின் சிறப்பு. நாமும் எந்தச் சிகிச்சை, எத்தனை தடவை என்பதைக் குறித்து வைத்து, மருத்துவர் மாறும்போதும் காட்டுவோம். பயந்து பாதியில் நிறுத்தவும் வேண்டாம், கணக்கின்றித் தொடரவும் வேண்டாம்.