நீதிமன்ற வாசலில் 30 ஆண்டுகள்: கொர்னேலியா சொராப்ஜியின் வாழ்க்கை

புதுதில்லி: நாடாளுமன்ற மாளிகை 1927-ல் திறக்கப்படுவதற்கு முன்பு, மத்திய சட்டப்பேரவை தில்லியில் கூடிய இடம் பழைய தலைமைச் செயலகம். தில்லி சட்டப்பேரவை பின்னாளில் குடியேறிய கட்டடம் அதுவே. அக்காலத்தில் நிறைவேறிய சட்டங்களுள் மிகச் சிறியவற்றில் ஒன்று, 1923-ஆம் ஆண்டின் 23-ஆவது சட்டம். பெண் என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் வழக்குரைஞராகப் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்பதற்கு மேல் அதில் அதிகம் எதுவும் இல்லை. அந்தச் சட்டம் வந்தபோது, அதற்காக நெடுங்காலம் காத்திருந்த கொர்னேலியா சொராப்ஜிக்கு வயது 56.

மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் 1866 நவம்பர் 15-ல் பிறந்தவர் கொர்னேலியா. தந்தை பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்தைத் தழுவியவர். தாய் பிரான்சினா புணேயில் பள்ளி நடத்தியவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி என்ற பெருமை கொர்னேலியாவுக்கு உண்டு. தேர்வில் அவர் பெற்ற இடத்துக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசு உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். பெண் என்பதால் அது மறுக்கப்பட்டது. சிறிது காலம் ஆமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல், காங்கிரஸின் நண்பரான வில்லியம் வெட்டர்பர்ன் உள்ளிட்டோர் திரட்டித் தந்த நிதியில்தான் 1889-ல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரிக்குச் சென்றார்.

அங்கும் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 1892-ல் சட்டத் தேர்வை ஆண்களுடன் ஒரே கூடத்தில் அமர்ந்து எழுத அவருக்குப் பல்கலைக்கழகம் தனித் தீர்மானம் நிறைவேற்றி அனுமதி தர நேர்ந்தது. பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அதற்குத் துணைநின்றார். தேர்வில் வெற்றி பெற்றார், பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு முன்வந்தது 1920-ல்தான்.

இன்று வெளிநாட்டு வழக்குரைஞர்களை இந்தியாவில் அனுமதிப்பது குறித்துப் பேசுகிறோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. இந்திய வழக்குரைஞர் கழகம் 2023-ல் விதிகளை வகுத்தது. கொர்னேலியாவின் நிலை வேறு. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலேயர் சட்டத்தை அவர்களிடமே கற்றுத் திரும்பினார். அந்தச் சட்டத்தைக் கொண்டு நடந்த இந்திய நீதிமன்றங்களில் அவருக்கு இடமில்லை.

1894-ல் நாடு திரும்பியவர், 1897-ல் பம்பாயில் சட்டப் பட்டம் பெற்றார். 1899-ல் அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் தேறினார். ஆனால் அந்த நீதிமன்றம் அவரைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. சுதேச சமஸ்தானங்களில் மட்டும் சில வழக்குகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, யானைக்குக் கொடுக்கப்பட்ட வாழைத்தோப்பு பற்றியது. நீதிபதி இருக்கையில் இருந்தவர் அரசரே. தமது நாய்க்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று சொல்லி அரசர் அவர் பக்கம் தீர்ப்பளித்ததாகக் கொர்னேலியா தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். சிரிப்பதற்குரிய கதைதான். ஆனால், வாதத்துக்கு மதிப்பில்லாத மன்றங்கள் மட்டுமே அவருக்குத் திறந்திருந்தன என்பதையும் அது சொல்கிறது.

திரைக்குப் பின்னால் இருந்த கட்சிக்காரர்கள்

சென்னைவாசிகளுக்குத் திருவல்லிக்கேணியின் 'கோஷா ஆஸ்பத்திரி' என்ற பெயர் வழியாகவேனும் கோஷா முறை தெரிந்திருக்கும். வங்காளத்தின் பெருஞ்செல்வர் வீடுகளில் அம்முறை கடுமையாக இருந்தது. அன்னிய ஆணின் முகம் பார்க்காத விதவைகளின் பெயரில் பெரும் நிலங்கள் இருந்தன. காரியஸ்தரும் பங்காளிகளும் நீட்டிய தாளில் அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கோஷாப் பெண் எழுதிக் கொடுத்த பத்திரம் செல்ல வேண்டுமானால், அதன் பொருளை உணர்ந்தே அவர் ஒப்பினார், சார்பற்ற ஆலோசனை அவருக்குக் கிடைத்தது என்று காட்டியாக வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நெறி. நல்ல நெறி. ஆனால் ஆலோசனை சொல்லக்கூடிய வழக்குரைஞர்கள் அனைவரும் ஆண்கள். திரையைத் தாண்டி அவர்கள் உள்ளே போக முடியாது.

இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, பெண் சட்ட ஆலோசகர் ஒருவரை நியமிக்குமாறு 1902 முதல் லண்டன் இந்தியா அலுவலகத்திடம் கொர்னேலியா வற்புறுத்தினார். 1904-ல் வங்காளத்தின் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' நிர்வாகத்தில் பெண் உதவியாளராக நியமிக்கப்பட்டார். வாரிசு சிறுவயதினராக இருக்கும் ஜமீன்களை அரசு தன் பொறுப்பில் எடுத்து நடத்திய அமைப்பு அது. தமிழகத்து ஜமீன்களும் அதை அறிந்தவையே. வங்காளம், பிகார், ஒரிசா, அசாம் என்று அந்தப்புரம் அந்தப்புரமாகப் பயணம் செய்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அவரது உதவி பெற்ற பெண்களும் ஆதரவற்ற குழந்தைகளும் 600-க்கும் அதிகம் என்பது கணக்கு.

இங்கே தொழில் அறம் சார்ந்த ஒரு சிக்கலும் இருந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசு. ஜமீனை நிர்வகித்ததும் வரி வசூலித்ததும் அதே அரசு. விதவையின் நலனும் அரசின் நலனும் மோதும்போது ஆலோசகர் யாருக்குக் கடமைப்பட்டவர்? பதிவு பெற்ற வழக்குரைஞராக இருந்திருந்தால் கட்சிக்காரருக்கே என்று தயங்காமல் சொல்லலாம். கொர்னேலியாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தாம் கண்டறிந்ததை மேலதிகாரிகளுக்கு அறிக்கையாக அனுப்பலாமே தவிர, நீதிபதி முன் எழுந்து நிற்க இயலாது.

இதற்கிடையே 1916-ல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி பதிவு கேட்டார். ஆண்பாலில் சொல்லப்படுவது பெண்பாலையும் குறிக்கும் என்று பொதுவிதிச் சட்டம் கூறியபோதும், ஆசுதோஷ் முகர்ஜி உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அமர்வு அவரது மனுவைத் தள்ளியது. பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதிதான். 1921-ல் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு கொர்னேலியாவைப் பதிவு செய்தது. ஒரு மாகாணத்தில் தகுதி, அடுத்த மாகாணத்தில் தகுதியின்மை என்ற இந்தக் குழப்பத்தைத்தான் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. மத்திய சட்டப்பேரவையில் இதற்காக வாதாடியவர்களுள் ஹரிசிங் கௌர் முக்கியமானவர்.

கொர்னேலியா லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டராகி, 1924-ல் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். மன்றத்தில் வாதிடும் வாய்ப்பு அப்போதும் அரிதாகவே வந்தது. பெரும்பாலும் கருத்துரை எழுதித் தரும் வேலையே கொடுத்தார்கள். 1929-ல் ஓய்வு பெற்று லண்டனில் குடியேறினார்.

விடுதலைப் போராட்டத்தில் நாட்டமுள்ள எவருக்கும் அவரது அரசியல் உறுத்தும். ஆங்கில ஆட்சி நீடிக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். காந்தியின் இயக்கத்தை எதிர்த்தார். இந்தியாவை இழிவுபடுத்தியதாக நாடே கொதித்தெழுந்த காதரின் மேயோவின் 1927-ஆம் ஆண்டு நூலுக்கு ஆதரவு காட்டினார். அதனால் இந்தியப் பெண்கள் இயக்கங்களிலும் தனிமைப்பட்டார். அந்தப்புரத்து விதவையின் அடிமைத்தனத்தை அத்தனை அருகில் கண்டவர், நாட்டின் அடிமைத்தனத்தைக் காணவில்லை என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. விடுதலைக்குப் பிந்தைய வரலாறு அவரை ஓரங்கட்டியதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்க வேண்டும். அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று 2012-ல் லிங்கன்ஸ் இன்னில் திறக்கப்பட்டது.

1954 ஜூலை 6-ல், 87-ஆம் வயதில் லண்டனில் கொர்னேலியா காலமானார். அப்போது கேரளத்தின் கொல்லத்தில், 1950-ல் பதிவு செய்துகொண்ட இளம் வழக்குரைஞர் ஒருவர் கீழமை நீதிமன்றங்களில் தொழிலுக்கு நான்காவது ஆண்டில் இருந்தார். 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகவும், பின்னர் தமிழகத்தின் ஆளுநராகவும் ஆன பாத்திமா பீவிதான் அவர்.