மீனுக்காக மலையைத் திருத்தியவர்

டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த, தெளிந்த தண்ணீர் வேண்டும். நீர் கலங்கிச் சேறானால் அது பிழைக்காது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் வாலி என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஓடைகளில் டிரவுட் துள்ளி விளையாடிய காலம் ஒன்று உண்டு. பிறகு விவசாயிகள் செங்குத்தான சரிவுகளில் மாடுகளை மேயவிட்டார்கள். புல் அழிந்தது. மழையில் மண் கரைந்து ஓடைக்கு வந்தது. வயல்கள் பாழாயின. மீனும் குறைந்தது.

ஆல்டோ லியோபோல்டு 1887-ல் பிறந்தவர். வன இலாகாவில் வேலை பார்த்தவர். 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அந்த ஆண்டே அரசாங்கம் கூன் வாலியைச் சீர்படுத்தத் தொடங்கியது. அதற்கு யோசனை சொன்னவர்களில் லியோபோல்டும் ஒருவர்.

சேறு இருந்தது ஓடையில். காரணமோ மலைச்சரிவில்! ஆகவே வேலையும் சரிவில் நடந்தது. மாடுகள் ஏறாதபடி வேலி போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே உழுதார்கள். மரம் நட்டார்கள். 400-க்கு மேற்பட்ட விவசாயிகள் ஒப்பந்தம் செய்து உடன் உழைத்தார்கள். நாளடைவில் மண் நின்றது. ஓடை தெளிந்தது.

1948-ல் பக்கத்து நிலத்தில் புல் தீப்பற்றியது. அதை அணைக்கப் போன லியோபோல்டு மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 61.

இன்று கூன் வாலி ஓடைகளில் டிரவுட் இருக்கிறது. ஓடையைக் காக்க நினைப்பவர் முதலில் மேட்டு நிலத்தைப் பார்க்க வேண்டும்.